சென்சஸ் நுண்தரவு மாதிரி: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை. 2001லும் 2011லும் சென்சஸ் கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போயிருக்கிறேன். அந்த நாட்களில் மனதில் தைத்த ஒரு கேள்வி பிறகு ஆராய்ச்சிப் படிப்பு வரை இழுத்துக்கொண்டு போனது: எல்லையோரத் தமிழ் வீடுகளில் மொழி எந்தத் தலைமுறையில் மாறுகிறது? இப்போது சனிக்கிழமை தோறும் கொழிஞ்சாம்பாறையில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டேட்டா பார்க்கிறோம். குப்பம், நகரி பக்கத்துப் பிள்ளைகளும் போனில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வெறுமனே சித்தூர் என்றால் எங்கள் சித்தூர். மற்றதை ஆந்திரச் சித்தூர் என்றே சொல்கிறேன்.

டீச்சர், நுண்தரவு மாதிரின்னா முதல்ல என்னங்க? சென்சஸ் புத்தகத்துல வர்ற நம்பரா?

புத்தகத்தில் வருவது கூட்டி முடித்த கணக்கு. கூட்டுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வரியாக இருப்பது நுண்தரவு. மைக்ரோடேட்டா என்றும் சொல்வார்கள். அந்த வரிகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் எடுத்து, பெயரையும் முகவரியையும் நீக்கி, ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அது நுண்தரவு மாதிரி.

கற்பனையாக ஒரு வீட்டை எழுதிக் காட்டுகிறேன். முதல் வரி: ஆண், 46, குடும்பத் தலைவர், தாய்மொழி தமிழ், தெரிந்த வேறு மொழி மலையாளம், 7ஆம் வகுப்பு, விவசாயக் கூலி, பிறந்தது இதே ஊர். இரண்டாவது வரி: பெண், 41, மனைவி, தாய்மொழி தமிழ், வேறு மொழி இல்லை, பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம், இங்கே வந்து 22 வருடம், வந்த காரணம் திருமணம். மூன்றாவது: பெண், 20, மகள், தாய்மொழி தமிழ், மலையாளமும் ஆங்கிலமும் தெரியும், கல்லூரி மாணவி. நான்காவது: ஆண், 15, மகன், தாய்மொழி மலையாளம், தமிழும் ஆங்கிலமும் தெரியும், பள்ளி மாணவன். ஐந்தாவது: பெண், 70, தலைவரின் தாய், தாய்மொழி தமிழ், எழுதப் படிக்கத் தெரியாது.

அக்காவுக்குத் தமிழ், தம்பிக்கு மலையாளம். ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள். இந்த நாலாவது வரிக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஏனுங்க, அட்டவணைதான் கட்டுக்கட்டாப் போடறாங்களே, அப்புறம் இது தனியா எதுக்குங்க?

அட்டவணை, அதைப் போட்டவர் மனதில் இருந்த கேள்விக்கான பதில். நம் கேள்வி அவர் மனதில் இருந்திருக்காவிட்டால் பதிலும் இருக்காது. 2011 சென்சஸில் தாய்மொழிக்கு சி-16 என்று ஒரு அட்டவணை உண்டு. அதில் தாலூகா வரைக்கும் தமிழர் எத்தனை பேர் என்று பார்க்கலாம். இரண்டு மொழி, மூன்று மொழி தெரிந்தவர்களுக்கு சி-17. அது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. படிப்புக்கு வேறு அட்டவணை, இடம்பெயர்வுக்கு வேறு.

சித்தூர் தாலூகாவில் 15 முதல் 24 வயதுக்குள் இருக்கும் தமிழ்ப் பெண்களில், மலையாளம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் எத்தனையாவது வரை படித்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நான்கு அட்டவணையையும் மேசையில் பரப்பி வைத்தாலும் இதற்கு விடை வராது. கூட்டிய கணக்கைப் பிரித்து, திரும்ப ஆளாக்க முடியாது. ஆனால் மேலே எழுதிய ஐந்து வரியில் மொழி, வயது, படிப்பு மூன்றும் ஒரே ஆள்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அப்படி ஆயிரக்கணக்கான வரி கையில் இருந்தால் அந்தப் பிள்ளை அரைமணி நேரத்தில் தன் அட்டவணையைத் தானே போட்டுக்கொள்வாள்.

சரிங்க, அப்படி என்ன பெரிய கேள்விக்கு இதுல பதில் வந்துடும்?

நம் எல்லைக் கதையிலிருந்தே சொல்கிறேன். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலூகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றன. அங்கே தமிழர் எண்ணிக்கை அதிகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகிற கூலிகள், ஆகவே அந்தப் பெரும்பான்மையை நிலையானதாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற வாதம்தான் பலமாக நின்றது.

இந்த வாதம் உண்மையா பொய்யா என்பது எத்தனை தமிழர் என்ற எண்ணிக்கையில் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் தமிழரில் அங்கேயே பிறந்தவர் எத்தனை பேர்? வெளியே பிறந்தவர்களின் வயது என்ன? குழந்தை குட்டியோடு இருப்பவர்களா, தனி ஆண்களா? வயதானவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்களா, ஊருக்குத் திரும்பிவிட்டார்களா? 1951 கணக்கெடுப்பில் பிறந்த இடமும் கேட்டார்கள், தாய்மொழியும் கேட்டார்கள். இரண்டும் ஒரே ஆளின் சீட்டில்தான் இருந்தன. அந்தச் சீட்டுகளில் நூற்றுக்கு இரண்டு எடுத்துப் பார்க்க வழி இருந்திருந்தால், வந்துபோகிறவர்கள் என்ற சொல்லை ஒரு சாயங்காலத்தில் சோதித்திருக்கலாம். முடிவு மாறியிருக்குமா என்பது வேறு விஷயம். நீர்ப்பிடிப்பு, பொருளாதாரம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. ஆனால் ஒரு ஜனத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் சோதிக்கப்படாமலே முடிவுக்குள் போயிருக்காது.

ஆந்திரப் பக்கமும் ஒரு கதை உண்டு. ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவே எல்லை பிரித்த படாஸ்கர் தீர்ப்பில் கிராமத்தையே அலகாக வைத்து, பெரும்பான்மை மொழி எது, தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு பகுதி ஆந்திரச் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. கிராமம் கிராமமாக எண்ணுவதற்கு அட்டவணை போதும். ஆனால் கோடு போட்ட பிறகு அந்தக் கிராமங்களில் சிறுபான்மையாக விடப்பட்டவர்களின் பிள்ளைகள் எந்த மொழிக்குப் போனார்கள் என்று அறிய, தாயின் வரியையும் பிள்ளையின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

நூத்துல அஞ்சு பேரை எடுத்துட்டு மொத்தப் பேருக்கும் பேசறது சரியா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வது பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான் சரி. ஊர் அப்படி இல்லை. அதனால்தான் ஒரு மூலையிலிருந்து அள்ளாமல் எல்லா இடத்திலிருந்தும் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் தமிழரில் நூற்றுக்கு 5 என்றால் 5,000 பேர். அவர்களில் 30 சதவீதம் பேருக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும் என்று வந்தால், உண்மை அளவு பெரும்பாலும் 28.7க்கும் 31.3க்கும் நடுவில் இருக்கும். அதே கேள்வியை 100 பேரிடம் மட்டும் கேட்டால் 21 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வீட்டோடு சேர்த்து எடுக்கும் மாதிரியில் ஒரே வீட்டுக்காரர்களின் மொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் 5,000 பேர் இருந்தாலும் மொழிக் கேள்விக்கு அது 5,000 தனித்தனி சாட்சிகளுக்குச் சமமாகாது; பிழை அளவு நான் சொன்னதைவிடக் கூடும். இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் பேசறவங்க அதிகமா இருக்கற தாலூகாவுல படிப்பு கம்மின்னு அட்டவணையே காட்டுதே. அப்போ தமிழருக்குப் படிப்பு கம்மின்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தவறு நம் ஜனங்களைத் தொடர்ந்து காயப்படுத்துகிறது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். தோட்டத் தாலூகாவில் பள்ளிக்கூடம் தூரம், பஸ் கிடையாது. அங்கே இருக்கும் மலையாளிப் பிள்ளைக்கும் அதே தூரம்தான். தாலூகாவின் குறையை மொழியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

1950ல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் இதை அமெரிக்காவின் 1930 சென்சஸை வைத்துக் காட்டினார். மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இரண்டுக்கும் உள்ள தொடர்பு எண் மைனஸ் 0.53. அதை மட்டும் பார்த்தால் குடியேறிகள் நன்றாகப் படித்தவர்கள் என்று தோன்றும். ஆள்வாரியாகப் பார்த்தபோது எண் பிளஸ் 0.12. அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். அவர்கள் போய்க் குடியேறியது படிப்பறிவு அதிகமுள்ள மாநிலங்களில் என்பதால் படம் தலைகீழாகத் தெரிந்தது. ஆள்வாரிக் கணக்கு இல்லாமல் இந்தத் தலைகீழ் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

என் பேரும் வீட்டு நம்பரும் யார் கைக்காவது போயிடுமா டீச்சர்? எனக்கு அதான் பயம்.

மாதிரியில் பெயர் இருக்காது, வீட்டு எண் இருக்காது, வார்டும் பஞ்சாயத்தும் இருக்காது. 1948ஆம் வருடச் சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவேட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது. கோர்ட்டில் அதைச் சாட்சியமாகவும் வைக்க முடியாது. 2011ல் ஒரு பாட்டி, ரேஷன் கார்டை வெட்டிவிடுவீர்களா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சட்டத்தைச் சொல்லிப் புரியவைத்த பிறகுதான் மகன் கோயம்புத்தூரில் இருப்பதைச் சொன்னார். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நுண்தரவு வேண்டும் என்று கேட்கிற என் போன்றவர்களுக்குத்தான் ரகசியம் காக்கும் பொறுப்பு எல்லோரையும்விட அதிகம்.

பேரை எடுத்துட்டா மட்டும் போதுமா? எங்க ஊர்ல தமிழ் டாக்டரம்மா ஒருத்தங்கதானே, வயசைச் சொன்னாலே தெரிஞ்சிடுமே.

நல்ல கேள்வி. பெயரை நீக்குவது மட்டும் போதாது. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு இந்த மூன்றே போதும், அமெரிக்காவில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லத்தான்யா ஸ்வீனி 1990 சென்சஸை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சின்ன ஊர், அரிதான தொழில், அரிதான மொழி மூன்றும் ஒரே வரியில் சேர்ந்தால் அந்த வரிக்கு முகம் வந்துவிடும்.

அதற்குத்தான் இடத்தைப் பெரிதாக்குவார்கள். பிரிட்டனில் 1991 சென்சஸிலிருந்து முதல்முறையாக மாதிரி வெளியிட்டபோது தனிநபர் மாதிரி 2 சதவீதம், வீட்டு மாதிரி 1 சதவீதம். தனிநபர் மாதிரியில் 1,20,000 பேருக்குக் குறைவான பகுதியைத் தனியாகக் காட்டவில்லை. அமெரிக்காவில் அந்த எல்லை 1,00,000. இதோடு பிறந்த தேதியை எடுத்துவிட்டு வயதை மட்டும் வைப்பார்கள், மிகக் கூடிய வயதுகளை ஒரே கட்டத்தில் போடுவார்கள், அரிதான தொழில்களைச் சேர்த்துவிடுவார்கள். மாதிரி என்பதே ஒரு காவல்தான்: டாக்டரம்மாவின் வரி அதில் இருக்கிறதா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. 1 சதவீத மாதிரியில் அவர் இல்லாமலிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு.

வெளியாளை விடுங்க. அரசாங்கமே அதை நமக்கு எதிரா எடுத்தா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1942ல் வந்த போர்க்காலச் சட்டம் ஒன்று சென்சஸ் ரகசியத்தைத் தளர்த்தியது. ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதிகளில் வசிக்கிறார்கள் என்ற கணக்கு அவர்களை முகாமுக்குக் கொண்டுபோகப் பயன்பட்டது. 1943ல் வாஷிங்டன் பகுதியில் இருந்தவர்களின் பெயரும் முகவரியுமே வேறு துறைக்குக் கொடுக்கப்பட்டன. இதை ஆய்வாளர்கள் ஆவணத்தோடு வெளியிட்டது 2007ல்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆபத்து வந்தது சிறு பகுதிக் கணக்கிலிருந்தும் பெயருள்ள முழுப் பதிவேட்டிலிருந்தும். பெயரும் சிற்றூரும் இல்லாத 2 சதவீத மாதிரியை வைத்து யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. பயம் நியாயமானது. அதைத் திருப்ப வேண்டியது பதிவேட்டின் பாதுகாப்பை நோக்கி.

நம்ம நாட்டுல இது கிடைக்குமா? எங்க போய்க் கேக்கணும்?

முழுச் சென்சஸ் மாதிரியை வீட்டிலிருந்து தரவிறக்கும் வசதி நமக்கு இல்லை. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்களில் சென்சஸ் மாதிரி நுண்தரவுக்கென்று பணிநிலையம் அமைத்தது. அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லையோரக் கல்லூரிப் பிள்ளைக்கு டெல்லி வண்டிச் செலவு சின்ன விஷயமா?

ஆனால் இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. 1941ல் உலகப் போரால் அட்டவணை வேலையைச் சுருக்க வேண்டி வந்தது. அப்போதைய சென்சஸ் ஆணையர் ஈட்ஸ் (Yeatts), 50 சீட்டுக்கு ஒரு சீட்டு வீதம் எடுத்துத் தனியாக வைக்க ஏற்பாடு செய்தார். ஆங்கிலத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து அதற்கு ஒய் மாதிரி என்று பெயர். பிறகு அதில் ஒரு பகுதியைக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் அட்டவணையாக்கினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், காகிதச் சீட்டை எண்ணி எண்ணி ஒதுக்கிவைத்த அந்தக் கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உலக அளவில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ஐபம்ஸ் (IPUMS) என்ற திட்டம் இருக்கிறது. 100க்கும் மேற்பட்ட நாடுகள், 100 கோடிக்கும் மேற்பட்ட ஆள்வரிகள், அதாவது ஆளுக்கு ஒன்றான பதிவு வரிகள். பதிவு செய்து, எதற்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் இலவசம். அதில் இந்தியா என்று தேடினால் 1983 முதல் 2009 வரை ஆறு தொகுப்புகள் வரும். அவை சென்சஸ் இல்லை, தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்குகள். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இந்தியச் சென்சஸ் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

என்.எஸ்.எஸ்., என்.எஃப்.எச்.எஸ். டேட்டாதான் சும்மாவே கிடைக்குதே. அது போதாதா?

தேசிய மாதிரி ஆய்வையும் தேசியக் குடும்பநல ஆய்வையும் கேட்கிறாய். பெரிய கூட்டத்துக்குப் போதும், நமக்குப் போதாது. 2011ல் கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம், மாநில மக்கள்தொகையில் ஏறக்குறைய 1.5 சதவீதம். ஒரு சர்வே கேரளாவில் 10,000 பேரைப் பேட்டி கண்டால் தமிழர் 150 பேர் வருவார்கள். அதில் இடுக்கியைப் பிரித்து, பெண்களைப் பிரித்து, வயதைப் பிரித்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்சஸில் 1 சதவீதம் எடுத்தாலே 5,000 தமிழர். சிறுபான்மைக்குச் சென்சஸ் மாதிரியை விட்டால் வேறு கதி இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். சர்வேயில் கேள்வி ஆழமாக இருக்கும்: செலவு, நோய், சம்பளம், பிரசவம். 2011 சென்சஸில் ஆளுக்கு 29 கேள்விதான், சம்பளக் கேள்வியே கிடையாது.

எங்க வீட்ல தமிழ்தான். ஆனா ஸ்கூல்ல தெலுங்கு, ஃபார்ம்லயும் தெலுங்குன்னே போட்டுட்டாங்க. அப்போ டேட்டா பொய்தானே? (நகரியிலிருந்து ஒரு மாணவி)

சென்சஸ் கையேட்டில் தாய்மொழி என்றால், குழந்தைப் பருவத்தில் தாய் அந்த ஆளிடம் பேசிய மொழி. பள்ளி மொழியும் இல்லை, மாநில மொழியும் இல்லை. வாசலில் நடப்பது வேறு. வீட்டுக்காரர் ஒருவர் எல்லோருக்கும் பதில் சொல்வார், கணக்கெடுப்பவர் அவசரத்தில் இருப்பார். வீட்டுத் தலைவரின் மொழியை எல்லாருக்கும் கீழ்நோக்கி எழுதிக்கொண்டு போன படிவங்களை நானே பார்த்திருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன், 2001ல் முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் எழுதினேன்.

இதைப் பிடிப்பதற்கும் நுண்தரவுதான் வழி. ஒரு பகுதியில் எல்லா வீட்டிலும், வேறு மாநிலத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்ட மருமகளுக்கும் கணவனின் மொழியே விழுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 2011ல் வேறு தெரிந்த மொழி என்று இரண்டைத்தான் எழுத இடம் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நாலு மொழி பேசும் வியாபாரிக்கு ஒரு மொழி விட்டுப்போயிருக்கும்.

இன்னொன்று, மக்கள் சொன்ன பெயரை அப்படியே வெளியிடுவதில்லை. 2011ல் வந்தவை 19,569 பெயர்கள். அவற்றைத் தட்டிக் கழித்து, சேர்த்து 1,369 தாய்மொழிகளாக்கி, அவற்றை 121 மொழிகளுக்குள் அடக்கினார்கள். தமிழ் என்ற மொத்தக் கணக்குக்குள் இருளர் மொழியும் எருகலாவும் இருக்கின்றன. அட்டப்பாடியிலோ ஆந்திரச் சித்தூரிலோ வேலை செய்பவருக்கு அது தனியாகத் தெரிய வேண்டும். ஆள்வரியில் தாய்மொழிக் குறியீடு விரிவாக இருந்தால் பிரிக்கலாம். மொத்தமாகத் தமிழ் என்று மட்டும் இருந்தால் முடியாது.

பொள்ளாச்சிப் பொண்ணைக் கட்டிட்டு வந்தா அதுவும் வேற மாநிலத்துக் குடிபெயர்வாமே?

ஆமாம். மீனாட்சிபுரம் தாண்டி வந்த மணப்பெண்ணும், கட்டட வேலைக்கு வங்காளத்திலிருந்து வந்த இளைஞரும் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் என்ற ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். காரணம் என்ற பத்தி பிரித்துக் காட்டும். ஆனால் காரணத்தோடு தாய்மொழியையும் வந்த வருடத்தையும் சேர்த்துப் பார்க்க ஆள்வரி வேண்டும். அப்படிப் பார்த்தால், எல்லையோரக் கல்யாணம்தான் தமிழை வீட்டுக்குள் புதுப்பிக்கிறதா என்று கேட்க முடியும். முதலில் எழுதிய கற்பனை வீட்டில் இரண்டாவது வரியைத் திரும்பப் பாருங்கள்.

எங்கப்பா தினம் வாளையார் தாண்டி கோயம்புத்தூர் மில்லுக்குப் போறார். அது தெரியுமா?

பாதி தெரியும். வேலைக்குப் போகும் தூரமும் எதில் போகிறார் என்பதும் 2011ல் கேட்கப்பட்டன. எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. ரயில், 30 கிலோமீட்டர் என்றால் கிழக்கே கோயம்புத்தூரா மேற்கே பாலக்காடா என்று வரி சொல்லாது. கேட்காத கேள்விக்கு எந்த மாதிரியும் பதில் தராது.

2001ல கேரளாவுல தமிழர் 6 லட்சம், 2011ல 5 லட்சம்னா ஒரு லட்சம் பேர் எங்க போனாங்க? மாதிரியில அதே ஆளைத் தேட முடியுமா?

அதே ஆளைத் தேட முடியாது, தேடவும் கூடாது. பிரிட்டனில் 1971 முதல், குறிப்பிட்ட நான்கு பிறந்த தேதிக்காரர்களை மட்டும் சென்சஸ் தோறும் இணைத்து ஒரு நீள்கால ஆய்வு நடத்துகிறார்கள். அதைப் பூட்டிய அறைக்குள்தான் பார்க்க முடியும். நமக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆனால் ஒரே வயதுக் கூட்டத்தைப் பின்தொடரலாம். 2001ல் 10 முதல் 19 வயதில் இருந்தவர்கள் 2011ல் 20 முதல் 29. அந்தக் கூட்டத்தில் கேரளாவிலேயே பிறந்த தமிழர் மட்டும் குறைந்து, அதே வயது, அதே தாலூகாவில் பிறந்த மலையாளத் தாய்மொழிக்காரர் கூடியிருந்தால் மொழி மாற்றிச் சொல்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டுமே குறைந்திருந்தால் வெளியூர் போயிருக்கலாம். வயதானவர்களிடம் மட்டும் குறைந்தால் இறப்பு, அல்லது ஓய்வு பெற்றுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. சுமார் ஒரு லட்சம் பேர் குறைந்ததை வைத்து மேடையில் பேசுகிறவர்கள், அது எந்த வகைக் குறைவு என்று சொல்வதில்லை. ஆள்வரி இல்லாமல் சொல்லவும் முடியாது.

எங்க பஞ்சாயத்துல தமிழ் ஸ்கூல் கேக்கறதுக்கு இதை வச்சு மனு போடலாமா?

பஞ்சாயத்துக்கு இது உதவாது. ரகசியத்துக்காகச் சிற்றூரை மறைத்துவிடுவார்கள் என்று மேலே சொன்னேன். மறைக்காவிட்டாலும் ஒரு வார்டில் ஏழெட்டு வரிதான் வரும். மனுவுக்கு சி-16 தாலூகாக் கணக்கும், பள்ளியில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவும் போதும்.

நுண்தரவின் இடம் அதற்கு அடுத்த படியில். தமிழ்வழி போனால் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால், மாவட்ட அளவில் அப்பா அம்மா படிப்பு, தொழில், வீடு எல்லாம் ஒத்திருக்கும் பிள்ளைகளை ஒப்பிட்டு, தாய்மொழியால் எவ்வளவு வித்தியாசம், வறுமையால் எவ்வளவு என்று காட்டலாம். சென்சஸில் பயிற்றுமொழி கேட்கப்படுவதில்லை என்பதால் முழுப் பதிலாகாது. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

அடுத்த சென்சஸ்ல சாதியும் கேக்கறாங்களாமே. அதையும் மாதிரியில விடணுமா?

2021ல் வர வேண்டிய கணக்கெடுப்பு கோவிட்டால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டது. எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931ல் என்பதால் ஆராய்ச்சி ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. என் கருத்து: பெரிய தொகுதிகளை விடலாம், சின்னச் சாதிப் பெயரையும் சின்ன இடத்தையும் ஒரே வரியில் விடக் கூடாது. டாக்டரம்மா கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான், இங்கே விளைவு இன்னும் கொடுமையாக இருக்கும்.

சரி டீச்சர், கையில டேட்டா இல்லாம நாங்க இப்பவே எதுல பழகறது?

மலேசியாவில். ஐபம்ஸில் மலேசியச் சென்சஸ் மாதிரி 1970, 1980, 1991, 2000 நான்குக்கும் இருக்கிறது. இனம் என்ற பத்தியில் இந்தியர் என்று பிரிக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர், அதிலும் தோட்டத்து வழிவந்தவர்கள் நிறைய. மூணாறு லயத்தைப் பற்றி நாம் கேட்க நினைக்கும் கேள்விகளில் பாதியை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு வருடத்தை மட்டும் எடுங்கள். எக்ஸெலில் இத்தனை வரிகளை வைத்து வேலை செய்வது சிரமம். ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எடை என்ற பத்தியை மறக்காதீர்கள், ஒரு வரி எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. பிறகு வயதுகளை எண்ணிப் படம் வரையுங்கள். 30, 35, 40 வயதுகளில் திடீரென்று கூட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சரியான வயது தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொன்னதன் தடம் அது.

அடுத்து மாம்லாக் (MOMLOC) என்ற பத்தியைத் தேடுங்கள். ஒரு பிள்ளையின் தாய் அதே வீட்டில் எத்தனையாவது வரியில் இருக்கிறார் என்று அது சொல்லும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தாயின் படிப்பை எடுத்துப் பிள்ளையின் படிப்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அது சரியாக வந்ததும் அந்த பைலைக் கொண்டுவாருங்கள், அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து தொடங்குவோம்.